மறுப்பு அறிக்கைக்குள் ஒரு குழந்தை

வணக்கம்,

ஒரு தனியார் பள்ளிக் குழுமத்தில் மக்கள் தொடர்பு அலுவலராக இருக்கிறேன். இதழியல் படித்தவன்தான், ஆனால் ஊடகச் சட்டம் எங்களுக்கு ஒரே ஒரு தாள். அதையும் தேர்வுக்காகப் படித்தோம். இங்கே பிரஸ் மீட் முடிந்ததும் நிருபர்களுக்குப் பணம் வைத்த கவர் கொடுப்பது நெடுநாள் வழக்கம். எனக்கு உறுத்துகிறது. அது சட்டப்படி குற்றமா? கொடுக்காவிட்டால் செய்தி வராது என்கிறார்கள். இன்னொன்று: எங்கள் மாத இதழில் ‘படம்: இணையம்’ என்று போட்டுப் படங்களைப் பயன்படுத்தலாமா?

அண்மையில் எங்கள் ஊழியர் ஒருவர் போக்சோ வழக்கில் கைதானார். (...) அது பற்றிய மறுப்பு அறிக்கையின் வரைவை இணைத்திருக்கிறேன். மாணவியின் பெயர் எங்குமே இல்லை. மொழி சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துச் சொல்ல முடியுமா?

எம்.

அன்புள்ள எம்.,

கவர் உறுத்துகிறது என்கிறீர்கள். உறுத்தட்டும், நல்லதுதான். தனியார் பத்திரிகை நிருபர் பொது ஊழியர் அல்லர், அதனால் ஊழல் தடுப்புச் சட்டம் அந்தக் கவரைத் தொடாது. தூர்தர்ஷனிலிருந்தோ ஆகாசவாணியிலிருந்தோ வந்த அலுவலர் கையில் கொடுத்தால் அது லஞ்சம், கொடுத்த உங்களுக்கும் சிறை உண்டு. மற்றவர்களுக்கு இந்தியப் பத்திரிகைக் கவுன்சிலின் நடத்தை நெறிகள் இருக்கின்றன. பரிசும் பணமும் வாங்காதே என்று அவை சொல்கின்றன. ஆனால் 1978ஆம் ஆண்டுச் சட்டப்படி கவுன்சிலால் எச்சரிக்கவும் கண்டிக்கவும்தான் முடியும், தொலைக்காட்சி அதன் வரம்புக்குள்ளேயே வராது. கொடுக்காதீர்கள், அவ்வளவுதான். ‘இணையம்’ என்ற பெயரில் புகைப்படக்காரர் யாரும் கிடையாது. படம் எடுத்தவரிடமோ அவருக்குச் சம்பளம் கொடுத்த நிறுவனத்திடமோ எழுத்தில் அனுமதி வாங்குங்கள்.

நான் பதில் எழுத உட்கார்ந்தது இவற்றுக்காக அல்ல, அந்த இணைப்புக்காக.

கொஞ்ச நாளாகவே இது மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது. 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக மாணவி வழக்கின் முதல் தகவல் அறிக்கை காவல்துறையின் இணையதளம் வழியாகவே வெளியே போனது. அரசு 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு தர வேண்டும் என்றது சென்னை உயர் நீதிமன்றம். 2019இல் பொள்ளாச்சி வழக்கை சிபிஐக்கு மாற்றும் அரசாணையிலேயே பெண்ணின் பெயர் இருந்தது. அதற்கும் மதுரைக் கிளை 25 லட்சம் தரச் சொன்னது. இந்த இரண்டிலும் அடையாளம் கசிந்தது பரபரப்புக்கு அலையும் யூடியூபரிடமிருந்து அல்ல. எழுத்தை ஆவணமாக்கும் மேசைகளிலிருந்து. உங்கள் மேசையும் அப்படி ஒன்றுதான்.

உங்கள் கடிதத்தில் அடைப்புக்குறிக்குள் புள்ளிகள் இருக்கும் இடத்தில் சில வரிகளை நான் வெட்டியிருக்கிறேன். ஏன் என்று உங்கள் வரைவைக் கொண்டே சொல்கிறேன். ஊர், வகுப்பு, மாதம் எல்லாவற்றையும் இங்கே மாற்றித்தான் எழுதுகிறேன். முதல் பத்தி: “சம்பந்தப்பட்ட ஏழாம் வகுப்பு மாணவி கடந்த அக்டோபரில்தான் எங்கள் பள்ளியில் சேர்ந்தார்.” அக்டோபரில் ஏழாம் வகுப்பில் எத்தனை பேர் சேர்ந்திருப்பார்கள்? ஒருவர், மிஞ்சினால் இருவர். அடுத்த வரி: “தந்தையின் பணியிட மாற்றத்தால் வேறு மாவட்டத்திலிருந்து வந்தவர்.” இருவர் என்றிருந்தது ஒருவராகிவிட்டது. அதற்கடுத்த வரியில் பள்ளி வேன் எந்தத் தடத்தில் போகிறது என்பதும் இருக்கிறது. வீடு இருக்கும் தெருவுக்கே வழி காட்டிவிட்டீர்கள். பெயர் இல்லை என்று பெருமைப்படுகிறீர்களே எம்., பெயர் ஒன்றுதானே பாக்கி?

சென்னையில் உட்கார்ந்து செய்தி படிப்பவருக்கு அந்தக் குழந்தை யாரென்று தெரியாதுதான். அவரிடமிருந்து அவளைக் காக்கச் சட்டம் தேவையில்லை. எதிர்வீட்டுக்காரர், வகுப்புப் பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவில் இருக்கும் அறுபது பேர், வேனில் பக்கத்து இருக்கையில் உட்காரும் பிள்ளை, இவர்களுக்குத் தெரியாமல் இருக்க வேண்டும். அறிக்கையை அனுப்பும் முன் இவர்கள் கண்ணால் ஒருமுறை படியுங்கள்.

போக்சோ சட்டத்தின் 23ஆம் பிரிவு பெயரோடு நிற்கவில்லை. முகவரி, படம், குடும்ப விவரம், பள்ளி, வசிக்கும் பகுதி என்று வரிசையாகச் சொல்லி, அடையாளம் தெரிய வழிசெய்யும் வேறு எந்த விவரமும் கூடாது என்று முடிக்கிறது. மீறினால் ஆறு மாதத்துக்குக் குறையாமல் ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். பெற்றோர் சம்மதித்தார்கள் என்ற சமாதானம் எடுபடாது. குழந்தையின் நலனுக்காக, காரணத்தை எழுதி வைத்து, சிறப்பு நீதிமன்றம் மட்டுமே அனுமதிக்கலாம். இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு பத்திரிகை, காட்சி ஊடகம் ஆகியவற்றோடு ‘பிற தகவல் தொடர்பு வடிவங்களையும்’ சேர்த்தே தடுக்கிறது, ஆகவே பள்ளியின் முகநூல் பக்கம் ஊடகமா என்று வக்கீலிடம் வாதாட வேண்டாம். 2018 டிசம்பரில் நிபுண் சக்சேனா வழக்கில் உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போனது. பாதிக்கப்பட்டவரை அடையாளம் காண மறைமுகமாகக்கூட உதவும் எதையும் வெளியிடக் கூடாது என்றது.

மறுப்பு அறிக்கை செய்தியைவிட ஆபத்தானது. நிருபர் “எட்டாம் வகுப்பு மாணவி” என்று தவறாக எழுதியிருப்பார். நீங்கள் கோபத்தோடு “எட்டு அல்ல, ஏழு” என்று திருத்துவீர்கள். அவர் குத்துமதிப்பாகச் சொன்னதை லெட்டர்பேடில் உறுதிசெய்து கொடுத்தது நீங்கள்தான். ஒரு பத்திரிகையில் ஊர், இன்னொன்றில் வகுப்பு, மூன்றாவதில் அப்பாவின் வேலை. தனித்தனியாக எவருமே சட்டத்தை மீறாதது போலத் தெரியும். மூன்றையும் பக்கத்தில் வைத்துப் படிப்பவருக்குக் குழந்தை தெரிந்துவிடும். குற்றவாளி உறவினராக இருக்கும் வழக்குகளில் இது இன்னும் மோசம். ஒருவர் பெயரைப் போட்டு உறவை மறைப்பார், இன்னொருவர் உறவைப் போட்டுப் பெயரை மறைப்பார், இரண்டையும் படித்தால் முடிந்தது. பிரிட்டன் பத்திரிகைகள் தங்கள் நடத்தை விதியில் இதற்கு ஒரே வழியை எழுதி வைத்திருக்கின்றன: பெரியவரின் பெயரைச் சொல்லலாம், குழந்தையோடு அவருக்குள்ள உறவு தெரியும்படி எதுவும் எழுதக் கூடாது. நம் ஊரில் அப்படிப் பொது உடன்பாடு இல்லை.

உங்கள் வரைவில் எனக்குக் கோபம் வந்த இடம் வேறு. “அந்த மாணவி அரையாண்டுத் தேர்வில் குறைந்த மதிப்பெண் பெற்றிருந்தார்” என்று ஒரு வரி. அது யாருக்கு எதற்கு? புகாரின் மீது சந்தேகம் விழட்டும் என்பதற்குத்தானே? குழந்தையின் மதிப்பைக் குறைக்கும் கருத்தை 23(1) தனியாகவே தடுக்கிறது. சட்டம் இருக்கட்டும், ஏழாம் வகுப்புக் குழந்தையின் கணக்கு மார்க்கை வைத்துப் பள்ளியைக் காப்பாற்றும் யோசனை யாருக்கு வந்தது? உங்களுக்கு வந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் தட்டச்சு செய்தது உங்கள் விரல்.

இன்னொரு சொல்லையும் பாருங்கள், “நிர்வாகம் உடனடியாக நடவடிக்கை எடுத்தது” என்கிறீர்கள். நிறுவனத்தின் பொறுப்பில் இருப்பவர் தன் கீழ் வேலை பார்ப்பவர் செய்த குற்றத்தைக் காவல்துறைக்குத் தெரிவிக்காவிட்டால் போக்சோ சட்டத்தின் 21(2) பிரிவின்படி ஓராண்டு வரை சிறை. நிர்வாகத்துக்குத் தெரிந்த தேதியும் புகார் போன தேதியும் பொருந்துகின்றனவா? பொருந்தாவிட்டால் உங்கள் ‘உடனடியாக’ அரசுத் தரப்புக்கு நீங்களே எழுதிக் கொடுத்த சாட்சியம் ஆகிவிடும். அறிக்கை எழுதும் முன் இந்த இரண்டு தேதிகளையும் கேட்டு வாங்குங்கள். தர மறுத்தால் அந்த வரியை எழுத மறுங்கள்.

சரி, என்னதான் செய்வது? ஊடகங்களுக்கு அறிக்கையே அனுப்ப வேண்டாம். லெட்டர்பேடில் பள்ளியின் பெயர் இருக்கிறது, அதுவே சட்டம் தடுக்கும் விவரங்களில் ஒன்று. நிருபர் கூப்பிட்டால் சொல்ல இரண்டு வாக்கியம் போதும்: “விசாரணைக்கு ஒத்துழைக்கிறோம். குழந்தை தொடர்பான எந்தத் தகவலையும் உறுதிப்படுத்தவோ மறுக்கவோ சட்டம் எங்களை அனுமதிக்காது.” தப்பாகச் சொல்லித் தூண்டுவார்கள், திருத்தாதீர்கள். மற்றப் பெற்றோரிடம் நேரில் பேசுங்கள், அச்சிட்ட தாள் கொடுக்காதீர்கள், வேன் தடத்தையும் வகுப்பையும் அங்கேயும் சொல்லாதீர்கள். சிசிடிவி காட்சி, வருகைப் பதிவேடு, மாற்றுச் சான்றிதழ் நகல் ஆகியவை விசாரணை அதிகாரிக்கு மட்டும். முகத்தை மங்கலாக்கிய படமும் வேண்டாம், சீருடையும் பையும் பக்கத்தில் நிற்கும் அம்மாவும் மங்கலாவதில்லை.

அந்த வரைவை நிர்வாகத்தில் எத்தனை பேருக்கு அனுப்பியிருக்கிறீர்கள் என்று இன்றே பாருங்கள். மின்னஞ்சலில் போயிருந்தால் அழிக்கச் சொல்லி எழுதுங்கள், வாட்ஸ்அப்பில் போயிருந்தால் ஒவ்வொருவரையும் தொலைபேசியில் கூப்பிட்டு அழிக்கச் சொல்லுங்கள். இனி எந்தக் குறிப்பையும் வேர்டு கோப்பாக வெளியே அனுப்பாதீர்கள். எனக்கு வந்த கோப்பில், செய்த திருத்தங்களைக் காட்டும் ‘டிராக் சேஞ்சஸ்’ வசதி அணைக்கப்படவில்லை. நீங்கள் அடித்து நீக்கிய வரி ஒன்று சிவப்பில் அப்படியே இருந்தது, அதில் அப்பாவின் அலுவலகப் பெயரும் இருந்தது. கோப்பை அழித்துவிட்டேன்.

அன்புடன்