லண்டனில் நவம்பர் முடிவதற்குள் பனி விழுமா? ஆப்பில் வருவதும் போவதுமாக இருக்கிறதே, எதை நம்புவது?

கேள்வி கேட்டவர் ஈஸ்ட் ஹாமில் குடியிருக்கிறார். பிள்ளைகள் பனிமனிதன் செய்யக் காத்திருக்கிறார்கள். செல்போன் ஆப்பில் அடுத்த வியாழனுக்குப் பனிப் படம் வந்ததாம், மறுநாள் பார்த்தால் மழையாம், அதற்கு மறுநாள் திரும்பவும் பனியாம். இதில் எதை நம்புவது என்று கேட்டிருக்கிறார்.

விழலாம். லண்டனைச் சுற்றி நவம்பரில் பனி விழுவது அதிசயமில்லை. ஆனால் ஈஸ்ட் ஹாமில் விழுந்து தரையில் நிற்குமா என்றால் வாய்ப்பு குறைவுதான். அதே நாளில் லண்டனின் தெற்கு மேட்டில் இருக்கும் பிக்கின் ஹில் பக்கம் பிள்ளைகள் சறுக்கி விளையாடிக்கொண்டிருக்கலாம். இரண்டுக்கும் நடுவே ஏறக்குறைய இருபத்தைந்து கிலோமீட்டர்தான். வித்தியாசம் உயரத்தில் இருக்கிறது.

நான் க்ராய்டன் பக்கம் இருக்கிறேன். அக்டோபர் பிறந்துவிட்டால் வானிலை வரைபடத்தைத் திறக்காமல் படுக்கப் போகாத கூட்டத்தில் நானும் ஒருவன். இந்தக் கூட்டம் இந்த நாட்டில் பெரியது. ஓய்வு பெற்றவர்கள், லாரி ஓட்டுபவர்கள், பள்ளி மாணவர்கள் என்று எல்லாரும் உண்டு. முதல் பனிக்கு இவர்கள் காத்திருப்பதில் ஒரு ஒழுங்கு இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டால் உங்கள் கேள்விக்கும் விடை கிடைக்கும்.

முதலில் கடலைப் பற்றிச் சொல்ல வேண்டும். பிரிட்டன் தீவு என்பதால் குளிர்காற்று எந்தத் திசையிலிருந்து வந்தாலும் நீரைத் தாண்டித்தான் வர வேண்டும். வட கடலின் தென்பகுதி நவம்பர் கடைசியிலும் 10 டிகிரியை ஒட்டியோ அதற்கு மேலோதான் இருக்கும். கோடையில் வாங்கி வைத்த சூட்டை அது மெதுவாகத்தான் விடும். பிப்ரவரி கடைசியில் அதே நீர் 5, 6 டிகிரிக்கு இறங்கியிருக்கும். 2018 பிப்ரவரி கடைசியில் வீசிய கிழக்குக் காற்று தேம்ஸ் கரை வரை தூள் தூளாகப் பனி கொட்டியதற்கு இதுவும் ஒரு காரணம். அதே காற்று நவம்பர் நடுவில் வந்திருந்தால் கரையோரத்தில் பாதி மழை, பாதி பனி என்று சொதசொதவென்று விழுந்து போயிருக்கும்.

ஆனால் கடலின் சூடு கெடுக்கவும் செய்யும், கொடுக்கவும் செய்யும். மேலே இருக்கும் காற்று அசாத்தியக் குளிராக இருந்துவிட்டால், கீழே இருக்கும் சூடான நீரிலிருந்து ஈரம் ஏறி, மேகம் திரண்டு, பனி மளமளவென்று கொட்டும். 2010இல் அதுதான் நடந்தது. நவம்பர் 24ஐ ஒட்டி வடகிழக்குக் கரையில் தொடங்கிய பனி, மாதம் முடியும்போது தென்கிழக்குக்கு வந்து சேர்ந்தது. டிசம்பர் 1 அன்று காட்விக் விமான நிலையம் மூடப்பட்டது. நடு இங்கிலாந்து வெப்பநிலைப் பதிவு என்று ஒன்று 1659இலிருந்து இருக்கிறது. அதன்படி 1890க்குப் பிறகு வந்த மிகக் குளிரான டிசம்பர் அந்த 2010 டிசம்பர்தான். மாதச் சராசரியே சுழியத்துக்குக் கீழே போனது. இந்த ஊர்ப் பனி ரசிகர்கள் எந்த வரைபடத்தைப் பார்த்தாலும் மனதுக்குள் 2010ஐ வைத்துத்தான் ஒப்பிடுவார்கள். அந்த அளவுகோலை வைத்துக்கொண்டால் மற்ற எல்லா வருடமும் ஏமாற்றமாகத்தான் தெரியும் என்பது என் எண்ணம்.

அதைவிடச் சீக்கிரமாகவும் விழுந்திருக்கிறது. 2008 அக்டோபர் 28 இரவு லண்டனில் பனி விழுந்தது. அக்டோபரில் அங்கே பனி விழுந்தது 1934க்குப் பிறகு அதுதான் முதல் முறை. அன்றைக்குத்தான் நாடாளுமன்றத்தில் பருவநிலை மாற்ற மசோதா விவாதத்தில் இருந்தது. அந்த மாதிரிச் சீக்கிரப் பனியில் இன்னொரு சங்கதி உண்டு. மரங்கள் இலையை முழுக்க உதிர்த்திருக்காது. ஈரப்பனி இலைமேல் தங்கிக் கனம் ஏறி, கிளை மடமடவென்று முறியும். நவம்பர் பனிக்கும் இது பொருந்தும். ஓக் மரத்தடியில் காரை நிறுத்தாதீர்கள்.

சமீபத்தில் என்றால் 2024 நவம்பர். 19ஆம் தேதி மிட்லண்ட்ஸ் எனப்படும் நடு இங்கிலாந்துப் பகுதியில் பள்ளிகள் மூடும் அளவுக்குப் பனி. இரண்டு நாள் கழித்து டெவன் பக்கமும் விழுந்தது. வார இறுதியில் பெர்ட் புயல் அட்லாண்டிக்கிலிருந்து சூடான காற்றை இழுத்துக்கொண்டு வந்து அத்தனையையும் கரைத்துவிட்டது. வேல்ஸில் வெள்ளம் வேறு. பிரிட்டனில் நவம்பர்க் குளிர் பெரும்பாலும் இப்படித்தான் முடியும், மேற்கிலிருந்து ஒரு காற்றழுத்தத் தாழ்வு வந்து கதவை மூடிவிட்டுப் போகும்.

சரி, ஆப் விஷயத்துக்கு வருவோம். உங்கள் ஆப்பில் தெரியும் அந்தப் பனிப் படத்தை வானிலை நிபுணர் யாரும் உட்கார்ந்து போடவில்லை. கணினி மாடல் ஒன்றின் கணக்கை எடுத்து அப்படியே படமாக்கியது அது. எட்டு, பத்து நாள் தள்ளி இருக்கும் நாளைப் பற்றி ஒரே ஒரு கணக்கு சொல்வதற்கு அர்த்தமே இல்லை. அடுத்த கணக்கு வந்ததும் படமும் மாறும். அது புரளி இல்லை, அந்தத் தொலைவில் அவ்வளவுதான் சொல்ல முடியும்.

ஆர்வலர்கள் பார்ப்பது வேறு மாதிரி. அமெரிக்காவின் ஜிஎஃப்எஸ் மாடல் ஒரு நாளைக்கு நான்கு முறை ஓடும். இன்னொன்று ஐரோப்பிய வானிலை மையத்தின் மாடல், அந்த மையத்தின் தலைமையகம் இங்கே ரெடிங்கில்தான் இருக்கிறது. குளிர்காலத்தில் பிற்பகல் மூன்றரை மணிவாக்கில் ஜிஎஃப்எஸ் வரத் தொடங்கும், ஆறு மணியை ஒட்டி ஐரோப்பிய மாடல் வரும். இரவு ஒன்பதரை மணிக்கு மேல் ஜிஎஃப்எஸ் இன்னொரு முறை வரும். பப்பிலிருந்து வீடு திரும்பும் நேரம் என்பதால் அதற்கு இங்கே 'பப் ரன்' என்றே பெயர். அது காட்டும் பனியை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை, ஆனால் பார்க்காமல் தூங்குவதும் இல்லை.

இதில் எனக்குச் சொந்தமாக ஒரு சந்தோஷம் உண்டு. என் ஊர் கடலூர். நான் இங்கே வட கடல் காற்றைப் பார்க்கத் திறக்கும் அதே ஐரோப்பிய மாடலை, அதே நவம்பர் மாதத்தில், வங்கக் கடலில் தாழ்வு எங்கே கரையேறும் என்று என் தம்பி அங்கே திறந்து பார்த்துக்கொண்டிருப்பான். "அண்ணே, உனக்குப் பனி எப்போ?" என்று அவன் கேட்பான், "உனக்கு மழை எப்போடா?" என்று நான் கேட்பேன். பதில் இரண்டு பேருக்கும் ஒன்றுதான், இன்னும் மூன்று நாள் போகட்டும்.

அந்த மூன்று நாளுக்கு முன்னால் பனியைத் தேடக் கூடாது, வடிவத்தைத் தேட வேண்டும். கிரீன்லாந்துமேலோ ஸ்காண்டிநேவியாமேலோ உயர் அழுத்தம் உட்கார்கிறதா? அட்லாண்டிக்கைத் தாண்டி வரும் ஜெட் ஸ்ட்ரீம், அதாவது வெகு உயரத்தில் வேகமாக ஓடும் காற்றோட்டம், நமக்குத் தெற்கே இறங்குகிறதா? இரண்டும் சேர்ந்தால் வடக்கு, கிழக்குக் காற்றுக்கு வழி திறக்கும். வெறும் வடமேற்குக் காற்று வந்தால் ஸ்காட்லாந்துக்கும் வேல்ஸ் மலைகளுக்கும் கொண்டாட்டம். லண்டனுக்கு வெயிலும் குளிரும்தான் மிஞ்சும். அப்புறம் என்செம்பிள் என்று ஒன்று. ஐரோப்பிய மாடல், தொடக்க நிலையைக் கொஞ்சம் கொஞ்சம் மாற்றி ஐம்பது தடவை கணக்குப் போடும். ஐம்பதும் ஒரே பக்கம் இறங்கினால் குளிர் வருவது கிட்டத்தட்ட உறுதி. நாலா பக்கமும் சிதறினால் உங்கள் ஆப்பில் இருக்கும் படத்தை மறந்துவிடலாம்.

நாள் நெருங்கியதும் பார்க்க வேண்டியது டியூ பாயின்ட். காற்றில் இருக்கும் ஈரம் நீர்த்துளியாக மாறத் தொடங்கும் வெப்பநிலை அது. எனக்குத் தெரிந்து புதிதாகப் பார்க்கிறவர்கள் இதைத்தான் தவற விடுகிறார்கள். வெப்பநிலை 2 டிகிரி என்று கண்டதும் மழை என்று முடிவு கட்டிவிடுவார்கள். டியூ பாயின்ட் சுழியத்துக்குக் கீழே இருந்தால் 2 டிகிரியிலும் பனி விழும். காற்று காய்ந்திருக்கும்போது விழும் பனியிலிருந்து கொஞ்சம் ஆவியாகும், ஆவியாகும்போது சூட்டை எடுத்துக்கொள்ளும், மண்பானைத் தண்ணீர் குளிர்கிற மாதிரி காற்று தானாகவே இறங்கிவிடும். டியூ பாயின்ட் 1 டிகிரிக்கு மேல் போய்விட்டால், வெப்பநிலை எவ்வளவு ஆசை காட்டினாலும் பெரும்பாலும் மழைதான்.

விழும் வேகமும் கணக்கில் சேரும். பலமாக விழுந்தால், கரையும் பனியே சுற்றியுள்ள சூட்டை உறிஞ்சி, பூஜ்ஜிய டிகிரி மட்டத்தைத் தரைக்கு இழுத்துக்கொண்டு வரும். இதனால்தான் சில சமயம் ஒரு மணி நேரம் மழையாகக் கொட்டிவிட்டுச் சட்டென்று பனியாக மாறும். தூறலாக விழுந்தால் அந்த அதிர்ஷ்டம் கிடைக்காது.

மீதியைத் தீர்மானிப்பது உயரம். 150 மீட்டர் ஏறினால் ஏறக்குறைய ஒரு டிகிரி குறையும். லண்டன் மாநகர எல்லைக்குள் மிக உயர்ந்த இடம் பிக்கின் ஹில்லுக்குத் தெற்கே உள்ள வெஸ்டர்ஹம் ஹைட்ஸ், 245 மீட்டர். ஈஸ்ட் ஹாம் தேம்ஸுக்குப் பக்கத்தில் கடல் மட்டத்தை ஒட்டிக் கிடக்கிறது. உயரத்தால் மட்டும் ஒன்றரை டிகிரி வித்தியாசம், நகரத்துக் கட்டடங்கள் விடும் சூடு அதற்கு மேல். ஜனவரியில் காற்று மைனஸ் மூன்றில் இருக்கும்போது இதெல்லாம் பொருட்டில்லை. நவம்பரில் எல்லாமே 0க்கும் 2க்கும் நடுவில் ஊசலாடுவதால், அந்த ஒன்றரை டிகிரிதான் மழையா பனியா என்று முடிவு செய்கிறது. எங்கள் பக்கத்தில் க்ராய்டனில் மழை நனைத்துக்கொண்டிருக்க, சாண்டர்ஸ்டெட் மேடு ஏறியதும் புல் வெளுக்க ஆரம்பித்து, வார்லிங்ஹம் போனால் கூரையெல்லாம் வெள்ளையாக இருக்கும். சில நிமிடப் பேருந்துப் பயணத்தில் அந்தக் கோட்டைத் தாண்டுவதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் புரியும்.

கடைசிக் கட்டத்தில் ரேடாரும் தெருவிளக்கும் போதும். ஆம், தெருவிளக்கு. இந்த நாட்டில் பனிக்குக் காத்திருப்பவர்கள் எல்லாரும் ராத்திரியில் திரைச்சீலையை விலக்கிப் பார்ப்பது அதைத்தான். மழை என்றால் விளக்கடியில் நேர்க்கோடாக வேகமாக இறங்கும். பனி கலந்தால் கோடு தடுமாறும், ஒன்றிரண்டு மட்டும் பின்தங்கும். கார்க் கண்ணாடியில் விழும் துளிக்கு நடுவே ஒரு வெள்ளைப் புள்ளி தெரியும், கண் இமைக்கும் நேரம் நின்று கரையும். அது கரைய எடுக்கும் நேரம் கூடிக்கொண்டே போனால் உங்கள் பக்கம் காற்று மாறுகிறது என்று அர்த்தம். குப்பைத்தொட்டி மூடிமேல் கேட்டுக்கொண்டிருந்த படபட சத்தம் நின்றால் போர்வையை எடுத்துப் போட்டுவிட்டு வெளியே போகலாம்.

பத்திரிகைகள் ஒவ்வொரு அக்டோபரிலும் "நூற்றாண்டின் கடுங்குளிர் வருகிறது" என்று போடுவதை விட்டுவிடுங்கள். ஹாலி மரத்தில் பழம் நிறையக் காய்த்தால் பனி நிறைய விழும் என்று இங்கே பெரியவர்கள் சொல்வார்கள். அந்தப் பழம் போன வசந்தமும் கோடையும் எப்படி இருந்தன என்பதைத்தான் சொல்லும். அழகான நம்பிக்கை, கேட்க எனக்கும் பிடிக்கும், ஆனால் அதை வைத்து லீவு போடக் கூடாது.

நீங்கள் செய்யக் கூடியது இதுதான். வியாழனுக்கு இரண்டு நாள் முன்பு, அதாவது செவ்வாய் மாலை, வானிலைத் துறை மஞ்சள் எச்சரிக்கை ஏதாவது விடுத்திருக்கிறதா என்று பாருங்கள். அதை நிபுணர்கள் எழுதுகிறார்கள், உயரத்தையும் குறிப்பிட்டு எழுதுவார்கள். '150 மீட்டருக்கு மேல்' என்று அதில் இருந்தால் ஈஸ்ட் ஹாம் ஜன்னலில் காத்திருப்பது வீண். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஈஸ்ட் க்ராய்டனில் ஆக்ஸ்டெட் ரயிலைப் பிடித்து அப்பர் வார்லிங்ஹமில் இறங்கி மேட்டைப் பார்த்து நடங்கள். கார் வேண்டாம், அந்தச் சரிவுகளில் காலையில் தரை கண்ணாடியாக இருக்கும். நேரத்தோடு போங்கள், நவம்பர்ப் பனி மதியத்துக்குள் சேறாகிவிடும். கையுறை ஆளுக்கு இரண்டு ஜோடி எடுத்துக்கொள்ளுங்கள், முதல் ஜோடி பத்தே நிமிடத்தில் ஊறிவிடும். பனிமனிதனைப் பற்றிக் கவலையே வேண்டாம். ஜனவரித் தூள் பனி கையில் ஒட்டாது, இந்த ஈரப்பனி ஒரு உருட்டு உருட்டினாலே திரண்டு வரும்.