பதில்: ஒரிஜினல் டிஸ்க் இருந்தும் விளையாட்டு திறக்கவில்லை

வணக்கம். டிஸ்க் உள்ளே இருக்கும்போதே "சரியான டிஸ்க்கைப் போடவும்" என்று கேட்டு விளையாட்டு மூடிக்கொள்கிறது, விண்டோஸ் 10-க்கு மாறிய பிறகுதான் இப்படி என்று எழுதியிருந்தீர்கள். டிஸ்க்கைத் துடைப்பதையும் மறுபடி மறுபடி இன்ஸ்டால் செய்வதையும் விட்டுவிடுங்கள். டிஸ்க்கில் கோளாறு இருக்க வாய்ப்பு குறைவு.

டிஸ்க்கைத் திறந்து, செக்டிஆர்வி.சிஸ் (secdrv.sys) என்ற கோப்பு இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அது சேஃப்டிஸ்க் என்ற நகல் தடுப்புப் பூட்டு. அசல் டிஸ்க்தானா என்று சோதிக்க, விண்டோஸின் அடிமட்டத்தில் ஒரு டிரைவரை, அதாவது சிறு துணை நிரலை, உட்காரவைக்கும். அதில் 2007-லேயே பெரிய பாதுகாப்பு ஓட்டை தெரியவந்தது. கெட்ட நிரல் ஏதாவது அதன் வழியாகக் கணினியின் முழு அதிகாரத்தையும் பிடித்துக்கொள்ளலாம். அதனால் விண்டோஸ் 10-இல் அது ஓடாது. 2015 செப்டம்பர் அப்டேட்டில் விண்டோஸ் 7, 8-லும் முடக்கிவிட்டார்கள். முடக்கியது சரிதான். ஆனால் அடி வாங்குவது காசு கொடுத்து வாங்கியவர்! திருட்டு நகல் வைத்திருப்பவருக்கு இந்தப் பூட்டே கிடையாது. எனக்குக் கோபமே இதில்தான்.

சரி, முதலில் விளையாட்டின் கடைசி பேட்ச்சை, அதாவது நிறுவனம் வெளியிட்ட திருத்தக் கோப்பைத் தேடுங்கள். சில நிறுவனங்கள் அதில் டிஸ்க் சோதனையையே எடுத்துவிட்டன. இல்லையென்றால் விளையாட்டுகளை விற்கும் ஜிஓஜி (GOG) தளத்தில் பூட்டில்லாத பதிப்பு கிடைக்கிறதா பாருங்கள். அதுவும் இல்லையா, பழைய விண்டோஸ் எக்ஸ்பி கணினியில் இணையம் கொடுக்காமல் ஓட்டலாம். அந்த டிரைவரை விண்டோஸ் 10-இல் வலுக்கட்டாயமாக ஏற்றச் சொல்லும் குறிப்புகள் பக்கம் மட்டும் போகாதீர்கள்.

விளையாட்டின் பெயரைச் சொல்லுங்கள், பேட்ச் இருக்கிறதா என்று நானும் தேடிப் பார்க்கிறேன்.