டீ கேளுங்க: பாக்கெட்டில் மணக்கிறது, டம்ளரில் மணக்கவில்லையே?

(குன்னூரில் ஏலத்துக்கு வரும் டீயை ருசி பார்த்துத் தரம் சொல்லும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர், வாசகர்களுக்குப் பதில் சொல்கிறார்.)

ஏலக்காய் டீ, மசாலா டீ என்று பாக்கெட் வாங்குகிறேன். பிரிக்கும்போது வீடே மணக்கிறது. டீ போட்டால் வெறும் டீதான். ஏன் சார்? – வாசகி, கரூர்

அந்த மணம் பெரும்பாலும் தூளின் மேல் ஏற்றிய எசென்ஸாக இருக்கும்மா. சீக்கிரம் பறந்துபோகிற சரக்கு. பிரிக்கும்போது கொஞ்சம் போகும், பாலோடு கொதிக்கும்போது மிச்சமும் போய்விடும். பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படியுங்கள். ஏலக்காய், சுக்கு என்று பெயர் சொல்லியிருந்தால் ஒரு ரகம், மணமூட்டி என்று மட்டும் இருந்தால் வேறு ரகம். மணமூட்டி ரகத்தை அடுப்பில் கொதிக்கவிடாதீர்கள். கொதித்த தண்ணீரை அதன்மேல் ஊற்றி மூடுங்கள். மூன்று நிமிடம் போனதும் வடிகட்டி, சூடான பாலைச் சேருங்கள்.

உள்ளே இருப்பது நல்ல தூள்தானா என்று பார்க்க எங்கள் தொழிலின் வழி ஒன்று உண்டு. 100 மில்லி தண்ணீருக்கு 2 கிராம் தூள். தளதளவென்று கொதிக்கும் நீரை ஊற்றி, மூடிபோட்டு 6 நிமிடம். ஐஎஸ்ஓ 3103 என்ற சர்வதேசச் சோதனை முறையின் கணக்கு இது. குடிப்பதற்கான கணக்கு அல்ல, குறையைக் கண்டுபிடிப்பதற்கு. சர்க்கரை வேண்டாம், பால் வேண்டாம். சற்று ஆறியதும் ஒரு ஸ்பூன் எடுத்து, சர்ரென்று சத்தம் வர உறிஞ்சுங்கள். வீட்டில் யாராவது முறைப்பார்கள், முறைக்கட்டும். காற்றோடு சேர்த்து உறிஞ்சினால்தான் மணம் தொண்டை வழியாக மூக்குக்கு ஏறும். அப்புறம் துப்பிவிடலாம். வடிகட்டியில் நிற்கும் சக்கையையும் பாருங்கள். நல்ல தூள் என்றால் சக்கை செம்பு நிறத்தில் பளிச்சென்று இருக்கும். மூக்குக்கு ஏலக்காய், நாக்குக்கு ஒன்றுமில்லை என்றால், மட்டமான தூளுக்கு மணத்தால் போர்வை போர்த்தியிருக்கிறார்கள் என்று அர்த்தம். என் வீட்டில் வெறும் தூள்தான் வாங்குகிறோம். ஏலக்காயை நானே தட்டிக்கொள்கிறேன்.

இஞ்சி டீ போட்டாலே பால் திரிந்துவிடுகிறது. என்ன செய்ய? – வாசகர், தேனி

பச்சை இஞ்சியில் புரதத்தை அறுக்கும் நொதி ஒன்று இருக்கிறது. இஞ்சியைப் பாலில் நேரே போட்டு மெல்லச் சூடேற்றினால் அது தன் வேலையைக் காட்டிவிடும். சீனாவில் குவாங்டாங் பக்கம் இஞ்சிச் சாற்றில் சூடான பாலை ஊற்றி, அது உறைவதையே ஓர் இனிப்பாகச் சாப்பிடுகிறார்கள். நமக்கு அது வேண்டாம். நசுக்கிய இஞ்சியை முதலில் தண்ணீரில் மூன்று, நான்கு நிமிடம் கொதிக்கவிடுங்கள். அந்தக் கொதியில் நொதி செயலிழந்துவிடும். பட்டை, மிளகு, கிராம்பும் இஞ்சியோடு போகட்டும், அவை சாறு விட நேரம் எடுக்கும். கிராம்பு மட்டும் ஒன்றுக்கு மேல் வேண்டாம், டீ பல் டாக்டர் அறை போல மணக்கும். அடுத்து தூள், அதற்கடுத்து பால். ஏலக்காயைத் தோலோடு தட்டி, அடுப்பை அணைக்கும்போது போட்டு ஒரு நிமிடம் மூடிவையுங்கள். முதலிலேயே போட்டால் அதன் வாசனை பக்கத்து வீட்டுக்குத்தான்.

இவ்வளவு செய்தும் திரிந்தால் பால் பழசு. இஞ்சி மேல் பழி போடாதீர்கள்.

என் வீட்டுக்காரருக்கு ஸ்ட்ராங்காக வேண்டும். நன்றாகக் கொதிக்கவிட்டால் கசக்கிறது என்கிறார். – வாசகி, திருவாரூர்

தூளைக் கூட்டுங்கள், நேரத்தைக் கூட்டாதீர்கள். நாம் வாங்குவது பெரும்பாலும் சிடிசி ரகம். 1930களில் அசாமில் வந்த இயந்திரத்தின் உபயம் அது. பல் வெட்டிய இரண்டு உருளைகளுக்கு நடுவே இலை நசுங்கி, கிழிந்து, சுருண்டு குருணையாக விழும். டஸ்ட் அதைவிடப் பொடி. சாயமும் சுறுசுறுப்பும் இரண்டு, மூன்று நிமிடத்தில் இறங்கிவிடும். அதற்குமேல் கொதிக்கவிட்டால் வருவதெல்லாம் துவர்ப்பும் கசப்பும்தான். பால் அந்தத் துவர்ப்பைக் கொஞ்சம் பிடித்து அடக்கும், அதனால் பலருக்கு இது தெரிவதில்லை. உங்கள் வீட்டுக்காரருக்கு நல்ல நாக்கு.

நல்ல டீக்கடைக்காரரைக் கவனியுங்கள். துணிப்பையில் தூளைப் போட்டு வெந்நீர் ஊற்றி டிகாஷன் இறக்குவார். பால் தனியாகக் கொதித்துக்கொண்டிருக்கும். டம்ளரில்தான் இரண்டும் சந்திக்கும். காலையில் போட்ட தூளையே மதியம் வரை பையில் ஊறவிடுகிற கடைகளும் உண்டு. அங்கே ஒரு ஸ்பூன் சர்க்கரை கூடுதலாக விழும், கசப்பை மறைக்க. ஆளுக்கு 2 கிராம் தூள் போடுகிறீர்கள் என்றால் உங்கள் வீட்டுக்காரருக்கு மட்டும் 3 போட்டுப் பாருங்கள்.

ஊட்டியில் குடித்த இலை டீ அபாரம். அதையே வாங்கிவந்து வீட்டில் போட்டால் ருசியே இல்லை. – வாசகர், சேலம்

பாலில் கொதிக்கவிட்டிருப்பீர்கள். இலை டீ, அதாவது ஆர்த்தடாக்ஸ் ரகம், அதற்கானது இல்லை. அதன் அழகே மெல்லிய பூ வாசனை, பால் அதை முழுங்கிவிடும். இன்னொன்று, ஊட்டியின் உயரத்தில் தண்ணீர் 93 டிகிரி வாக்கில் கொதித்துவிடும். சேலத்தில் நூறை நெருங்கும். அங்கே நான்கு நிமிடம் ஊறியது உங்கள் ஊரில் மூன்றிலேயே தயார். மூடிவைத்து, வடிகட்டி, அப்படியே குடியுங்கள்.

கிரீன் டீ கசக்காமல் போட முடியுமா? – வாசகி, மதுரை

முடியும். தண்ணீர் கொதித்ததும் ஊற்றாமல் 80 டிகிரி வரை ஆறவிடுங்கள், இரண்டு நிமிடத்தில் இலையை எடுத்துவிடுங்கள்.

பிளாக் டீ மேல் எண்ணெய் போல ஆடை படர்கிறதே, தூளில் கலப்படமா? – வாசகர், ராமநாதபுரம்

இல்லை தம்பி, தண்ணீர்தான் காரணம். போர் தண்ணீரில் உள்ள சுண்ணாம்புச் சத்து, டீயில் இறங்கும் பொருள்களோடு சேர்ந்து அப்படிப் படலம் கட்டும். நான்கு சொட்டு எலுமிச்சை பிழிந்தால் கரையும், நிறமும் வெளுக்கும். குடிக்கப் பிடித்து வைத்திருக்கும் மழைநீர் இருந்தால் அதில் ஒரு நாள் டீ போட்டுப் பாருங்கள், அதே தூள்தானா என்று கேட்பீர்கள்.