கிராஜுவேஷன் ரேட் 5 புள்ளி குறைவு என்றால் வீட்டை விட்டுவிடணுமா?

பக்கத்து ஸ்கூல் டிஸ்ட்ரிக்டைவிட (வீடு இருக்கும் இடத்தை வைத்துப் பள்ளி அமையும் வட்டாரம்) இங்கே ரேட் 5 புள்ளி கம்மி, மகள் ஒன்பதாவது போகப்போகிறாள், வீடு வாங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். அந்த ஒரு எண்ணுக்காக விட்டுவிடாதீர்கள்.

அமெரிக்காவில் கிராஜுவேஷன் ரேட் என்பது ஒன்பதாவதில் சேர்ந்து நான்கே ஆண்டில் ஹைஸ்கூல் டிப்ளமா வாங்கியவர்களின் சதவீதம். ஐந்தாம் ஆண்டில் முடித்தவரும், டிப்ளமாவுக்கு ஈடான ஜிஇடி தேர்வு எழுதித் தேறியவரும் இதில் முடிக்காதவர்கள்தான். எங்கள் பக்கத்து வீட்டுப் பையன் பதினைந்து வயதில் ஆங்கிலம் தெரியாமல் வந்து ஒன்பதாவதில் சேர்ந்தான். ஐந்து வருஷம் ஆனது. தொப்பியும் அங்கியுமாக அவன் மேடை ஏறியதைக் கண்ணால் பார்த்தேன். அந்த எண்ணில் அவன் தேறாதவன்!

அப்புறம், ஒரு பேட்ச்சில் 60 பேர்தான் என்றால் 3 பேர் நான்கு ஆண்டில் முடிக்காவிட்டாலே 5 புள்ளி இறங்கிவிடும். மாநிலக் கல்வித்துறைத் தளத்தில் நாலைந்து வருஷ எண்களைச் சேர்த்துப் பாருங்கள். ஐந்தாண்டு ரேட்டும் பல மாநிலங்கள் போடுகின்றன.