க்ரான்ஃபர்ட் எங்கே இருக்கிறது? கேள்வி பதில்

எலிசபெத் காஸ்கெல் எழுதிய ‘க்ரான்ஃபர்ட்’ நாவலை பிபிசி 2007இல் ஐந்து பாகத் தொடராக எடுத்தது. ஜூடி டென்ச், ஐலீன் அட்கின்ஸ், இமெல்டா ஸ்டான்டன் என்று பெரிய நடிகர் பட்டாளம். கல்யாணமாகாத அக்கா தங்கைகள், விதவைகள், ஊர் வம்பு, கையில் காசில்லாவிட்டாலும் விடாத கௌரவம், வரப்போகும் ரயிலைப் பற்றிய பயம் இவைதான் கதை. அந்த ஊர் நிஜத்தில் எங்கே இருக்கிறது என்பதைச் சுற்றித்தான் கேள்விகள் வந்திருக்கின்றன. ஒரே விஷயத்தைக் கேட்டவர்களைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: அக்கா, வரைபடத்தில் க்ரான்ஃபர்ட் என்று தேடினால் லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்துப் பக்கம் ஓர் இடம் வருகிறது. அதுதானா?

பதில்: இல்லை தம்பி, பெயர் மட்டும்தான் ஒன்று. நாவலின் ஊர் கற்பனை. அதற்கு மூலம் வடமேற்கு இங்கிலாந்தில், செஷையரில் உள்ள நட்ஸ்ஃபர்ட். குழந்தையாக இருக்கும்போதே தாயை இழந்த காஸ்கெல், அங்கே பெரியம்மா வீட்டில் வளர்ந்தார். நாவலில் ‘ட்ரம்பிள்’ என்று ஒரு தொழில் நகரம் வருமே, அது மான்செஸ்டர். ஆனால் திரையில் நீங்கள் பார்த்த தெரு நட்ஸ்ஃபர்ட் இல்லை. அது வில்ட்ஷையரில் இருக்கும் லேகாக் என்ற கிராமம். இரண்டுக்கும் நடுவே 200 கி.மீ.க்கு மேல்.

கேள்வி: மூல ஊர் இன்னும் இருக்கும்போது அங்கேயே எடுத்திருக்கலாமே?

பதில்: ஊர் இருக்கிறது, நன்றாகவே இருக்கிறது. அதுதான் சிக்கல். 1862இல் ரயில் வந்தது. மான்செஸ்டர் பணக்காரர்கள் குடியேறினார்கள். 1900ஐ ஒட்டி ரிச்சர்ட் ஹார்டிங் வாட் என்ற தனவந்தர், இத்தாலியைப் பார்த்து மயங்கி, கோபுரமும் வளைவுமாகக் கட்டிடங்கள் எழுப்பினார். 1907இல் காஸ்கெல் பெயரிலேயே ஒரு நினைவுக் கோபுரம் கட்டினார். கிங் ஸ்ட்ரீட்டில் நிமிர்ந்து பார்த்தால் அதுதான் முதலில் கண்ணில் படும். 1840களின் கதையை எடுக்க வந்த கேமராவுக்கு, நாவலாசிரியரின் நினைவுச் சின்னமே இடைஞ்சல்! போதாததற்கு மான்செஸ்டர் விமான நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது. கதையின் நாயகி மிஸ் மாட்டி டீ ஊற்றும்போது தலைக்கு மேல் விமானம் போனால் என்ன செய்வது?

கேள்வி: லேகாக் மட்டும் எப்படி அப்படியே இருக்கிறது? அது செட் என்றுதான் நான் நினைத்தேன்.

பதில்: செட் இல்லை, ஆட்கள் குடியிருக்கும் கிராமம். காரணம் சொத்துரிமை. 13ஆம் நூற்றாண்டில் ஈலா என்ற சீமாட்டி அங்கே ஒரு கன்னிமாடம் நிறுவினார். எட்டாம் ஹென்றி மடங்களைக் கலைத்தபோது அது தனியார் மாளிகையானது. பிறகு டால்பட் குடும்பத்துக்கு வந்தது. மாளிகையோடு கிராமமும் அவர்களுடையது. வீடுகள் பல கைகளில் இருந்தால், ஒருவர் ஜன்னலை மாற்றுவார், இன்னொருவர் இடித்து மாடி எழுப்புவார். முழு ஊரும் ஒரே குடும்பத்திடம் இருந்ததால் அது நடக்கவில்லை. கம்பளி வியாபாரம் படுத்த பிறகு இடித்துக் கட்டும் அளவுக்கு ஊரில் பணமும் புரளவில்லை. 1944இல் மட்டில்டா டால்பட் மாளிகையையும் கிராமத்தையும், பழைய இடங்களைப் பாதுகாக்கும் அறக்கட்டளையான நேஷனல் ட்ரஸ்டுக்குக் கொடுத்துவிட்டார். இன்றும் பெரும்பாலான வீடுகளில் இருப்பவர்கள் ட்ரஸ்டின் வாடகைதாரர்கள். மின்கம்பிகள் மண்ணுக்கடியில் போகின்றன.

இதே டால்பட் குடும்பத்தில்தான் ஃபாக்ஸ் டால்பட் இருந்தார். 1835இல் அந்த மாளிகையின் ஒரு ஜன்னலைப் படம் பிடித்தார். இன்று கிடைப்பவற்றில் மிகப் பழைய புகைப்பட நெகட்டிவ் அதுதான். கேமராவுக்கும் இந்த ஊருக்கும் உள்ள உறவு பிபிசிக்கு முன்பே ஆரம்பித்துவிட்டது.

கேள்வி: இந்தத் தெருவை வேறு எதிலோ பார்த்த ஞாபகம் வந்துகொண்டே இருந்தது. எதில்?

பதில்: ஜேன் ஆஸ்டின் நாவலை வைத்து 1995இல் வந்த பிபிசியின் ‘ப்ரைட் அண்ட் ப்ரெஜுடிஸ்’ தொடராக இருக்கும். பென்னட் சகோதரிகள் ரிப்பன் வாங்கப் போகும் மெரிட்டன் ஊர் இதே லேகாக்தான். ஹாரி பாட்டர் படங்களிலும் மடத்தின் நடைக்கூடங்கள் ஹாக்வார்ட்ஸாக வருகின்றன. ‘டவுன்டன் அபி’யின் கடைசிப் பருவத்தில் பன்றிச் சந்தைக் காட்சியும் இங்கேதான்.

கேள்வி: செஷையர் ஊரை வில்ட்ஷையரில் எடுத்தால் அது ஏமாற்று வேலை இல்லையா? கட்டிடக் கலை மாணவியாகக் கேட்கிறேன்.

பதில்: நல்ல கேள்வி. மெரிட்டன் இருப்பது ஹெர்ட்ஃபர்ட்ஷையர், க்ரான்ஃபர்ட் இருப்பது செஷையர். இரண்டுமே வில்ட்ஷையரின் சுண்ணாம்புக் கல் ஊர்கள் அல்ல. கல்லைப் பார்த்தே வட்டாரத்தைச் சொல்லக்கூடியவருக்கு உறுத்தத்தான் செய்யும். ஆனால் லேகாக்கில் கல் வீடும் இருக்கிறது, மரச்சட்டம் தெரியும் வீடும் இருக்கிறது, செங்கல்லும் இருக்கிறது. எந்த மூலையைக் காட்டுகிறோம் என்பதைப் பொறுத்து எந்த மாவட்டமாகவும் வேஷம் போடும். எனக்கு உறுத்துவது கல் இல்லை, சுத்தம். குதிரை ஓடிய தெருவில் இத்தனை குறைவாகவா சாணி கிடந்திருக்கும்?

கேள்வி: பசு மாட்டுக்கு ஃப்ளானல் துணியில் சட்டை போட்டுவிடுவார்களே, அதெல்லாம் கற்பனைதானே?

பதில்: சத்தியமாக இல்லை. சுண்ணாம்புக் குழியில் விழுந்து முடியெல்லாம் கொட்டிப்போன பசு அது. 1865இல் விமர்சகர் ஜான் ரஸ்கினுக்கு எழுதிய கடிதத்தில், சாம்பல் நிறச் சட்டை போட்ட அந்தப் பசுவைத் தானே பார்த்திருப்பதாகக் காஸ்கெல் சொல்கிறார். லேஸை விழுங்கிய பூனையையும் தெரியுமாம். நாவலில் நம்பவே முடியாத விஷயங்கள்தான் ஊரிலிருந்து நேராக வந்தவை.

கேள்வி: ‘மிடில்மார்ச்’ தொடரும் இதே ஊரிலா?

பதில்: இல்லை. 1994 தொடர் லிங்கன்ஷையரின் ஸ்டாம்ஃபர்டில் எடுக்கப்பட்டது. நாவலை எழுதிய ஜார்ஜ் எலியட் மனதில் வைத்திருந்தது கவன்ட்ரி நகரம் என்பது பொதுவான கருத்து. அவர் அங்கே படித்தவர், வாழ்ந்தவர். ஆனால் 1940 நவம்பர் 14 இரவு ஜெர்மன் குண்டுவீச்சில் கவன்ட்ரியின் நடுப்பகுதி தரைமட்டமானது. மிச்சம் மீதியும் மறுகட்டுமானத்தில் போனது. ஸ்டாம்ஃபர்டோ, வடக்கே போகும் முக்கிய ரயில் பாதை பீட்டர்பரோ வழியாகப் போய்விட்டதால் பெரிய தொழில் எதுவும் வராமல் தேங்கிய ஊர். 1967இல் இங்கிலாந்தின் முதல் பாதுகாக்கப்பட்ட நகரப் பகுதியாக அறிவிக்கப்பட்டது. ‘மிடில்மார்ச்’ நாவலில் நிலம் அளக்க வரும் ரயில்வேக்காரர்களைக் கிராமத்து ஆட்கள் விரட்டுகிறார்கள். அந்தக் கதையைப் படமெடுக்க, ரயில் ஒதுக்கிய ஊர்தான் கிடைத்தது!

இன்னொன்று: 2005இல் வந்த ‘ப்ரைட் அண்ட் ப்ரெஜுடிஸ்’ திரைப்படத்தில் மெரிட்டன் இந்த ஸ்டாம்ஃபர்ட். பத்து வருஷத்தில் ஒரே கற்பனை ஊர் வீடு மாறிவிட்டது.

கேள்வி: காஸ்கெலின் மற்ற கதைகளில் நட்ஸ்ஃபர்ட் வருகிறதா?

பதில்: வருகிறது. ‘வைவ்ஸ் அண்ட் டாட்டர்ஸ்’ நாவலின் ஹாலிங்ஃபர்டும் அதே ஊர்தான். 1999 தொடருக்கு அதை எடுத்தது பாத் நகருக்கு அருகே மார்ஷ்ஃபீல்டில். பாவம் நட்ஸ்ஃபர்ட், கதை கொடுத்தது இரண்டு முறை, வாய்ப்பு ஒருமுறையும் இல்லை.

கேள்வி: அடுத்த வருஷம் மகளைப் பார்க்க லண்டன் போகிறோம். ஒரு நாள்தான் ஒதுக்க முடியும், எந்த ஊருக்குப் போகலாம்?

பதில்: தொடரைப் பார்த்து ரசித்தவர் என்றால் லேகாக். பேடிங்டனில் ரயில் ஏறி சிப்பன்ஹாமில் இறங்கி, பஸ் பிடியுங்கள். நாலே தெரு, ஒரு மணி நேரத்தில் சுற்றிவிடலாம். மாளிகைக்கும் புகைப்பட அருங்காட்சியகத்துக்கும் இன்னொரு அரை நாள் வையுங்கள். கோடை நடுப்பகல் வேண்டாம், கூட்டம் தாங்காது. வீடுகளின் ஜன்னலில் எட்டிப் பார்க்காதீர்கள், உள்ளே யாராவது சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள்.

நாவலைப் படித்தவர் என்றால் மான்செஸ்டர் போய் அங்கிருந்து நட்ஸ்ஃபர்ட். ப்ரூக் ஸ்ட்ரீட் தேவாலயத்தில் காஸ்கெலின் கல்லறை. 1832இல் கல்யாணம் நடந்தது மட்டும் செயின்ட் ஜான்ஸ் ஆலயத்தில். யூனிடேரியன் பிரிவைச் சேர்ந்தவர்களானாலும் அன்றைய சட்டப்படி ஆங்கிலிக்கன் ஆலயத்தில்தான் மணம் முடிக்க வேண்டும். என்னைக் கேட்டால் இந்த ஊருக்குத்தான் என் ஓட்டு. பார்க்க லேகாக் அளவுக்கு அழகில்லை, ஆனால் கிங் ஸ்ட்ரீட்டில் காபி குடித்துக்கொண்டு உட்கார்ந்தால் ஊர் வம்பு இன்றும் காதில் விழும்.

கேள்வி: முதலில் நாவலா, தொடரா?

பதில்: தொடர். அதில் காஸ்கெலின் வேறு இரண்டு கதைகளையும் சேர்த்துப் பின்னியிருக்கிறார்கள். இளம் டாக்டர் ஹாரிசனை இந்த நாவலில் தேடினால் கிடைக்கமாட்டார். தொடர் முடிந்ததும் 2009இல் வந்த இரண்டு பாகத் தொடர்ச்சியையும் பாருங்கள், அப்புறம் நாவலுக்குப் போகலாம். கேப்டன் ப்ரவுனுக்கு நாவலில் என்ன ஆகிறது என்று இன்னும் இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். அதை மட்டும் சொல்லமாட்டேன், படித்துத் தெரிந்துகொள்ளுங்கள்.