சிட்னியில் படிப்பு, ஹாலிஃபாக்ஸில் வீடா?

தம்பி, கனடாவின் சிட்னி நகரில் இருக்கும் கேப் பிரெட்டன் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்ததற்கு வாழ்த்துகள். ஆனால் “ஹாலிஃபாக்ஸில் மாமா வீட்டில் தங்கி தினமும் போய்வரலாமா? இரண்டும் நோவா ஸ்கோஷியா மாகாணம்தானே?” என்று கேட்டிருக்கிறீர்களே, அது நடக்காது. இடையில் சுமார் 400 கிலோமீட்டர். காரிலேயே நாலு மணி நேரத்துக்கு மேல் ஆகும். சிட்னி இருக்கும் கேப் பிரெட்டன் தனித் தீவு. 1955-ல் திறந்த கான்ஸோ கடற்பாலம்தான் அதை மாகாணத்தின் மற்ற பகுதியோடு இணைக்கும் ஒரே சாலை. புயல் காற்று பலமாக அடித்தால் சில நேரம் அதையும் மூடிவிடுவார்கள்.

பகுதிநேர வேலைதான் நீங்கள் அதிகம் யோசிக்க வேண்டிய விஷயம். சிட்னி ஒரு காலத்தில் எஃகும் நிலக்கரியும் வளர்த்த ஊர். 2001-ல் எஃகு ஆலை மூடியது, அதே வருடம் அரசு நடத்திய கடைசிச் சுரங்கமும் மூடியது. இப்போது மருத்துவமனை, பல்கலைக்கழகம், கால் சென்டர், கடைகள் என்று ஓடுகிறது. அந்தப் பக்கம் சிங்கி இறால் சீசன் மே நடுவில் தொடங்கி ஜூலை நடுவில் முடிந்துவிடும். கேபட் டிரெயில் என்ற இயற்கைக் காட்சிச் சாலைக்கு வரும் சுற்றுலாக் கூட்டமும் அக்டோபரில் இலை சிவந்து உதிர்ந்ததும் காலி. அப்புறம் பாதி மோட்டலில் ‘மே மாதம் சந்திப்போம்’ என்ற அட்டைதான் தொங்கும்.

குளிர்காலத்தில் வேலை கிடைப்பது கஷ்டம், அதனால் ஜனவரி சேர்க்கையைத் தவிருங்கள், செப்டம்பருக்கு வாருங்கள். ஆறு மாத வாடகையைக் கையில் வைத்துக்கொண்டு கிளம்புங்கள். அறையை சிட்னி பேருந்துத் தடத்திலேயே பாருங்கள், கேம்பஸ் ஊருக்கு வெளியே இருக்கிறது. டிக்கெட் போடும்போது சிட்னி, நோவா ஸ்கோஷியா என்று இரண்டு முறை சரிபாருங்கள். ஆஸ்திரேலியா சிட்னி என்று நினைத்து இந்த சிட்னியில் வந்து இறங்கியவர்கள் நிஜமாகவே உண்டு!