துமகேத்தே: ஒரே ஒரு ‘டி’தான், தம்பி

கடல் உயிரியல் படிக்கத் தூத்துக்குடியில இருந்து பிலிப்பைன்ஸ் கிளம்புறதா எழுதியிருந்தீங்க. வாடகை, சாப்பாடு, பாதுகாப்புன்னு ஆறேழு கேள்வி. அதுல ஊர் பேரை மூணு இடத்துல மூணு விதமா எழுதியிருக்கீங்க: டுமாகுவெட், டுமாகுவெட்டி, டுமாகட்டே. வாடகையெல்லாம் வந்து இறங்கி ரெண்டு நாள் தெருவுல நடந்தா தானா தெரியும். பேரை மட்டும் அங்கேயே சரி பண்ணிக்கிட்டு வாங்க.

துமகேத்தே. ‘கே’யில கொஞ்சம் அழுத்தம். ஆங்கிலத்துல டி, யு, எம், ஏ, ஜி, யு, இ, டி, இ. அவ்வளவுதான். நடுவுல வர்ற ‘யு’வுக்குச் சத்தம் கிடையாது. இந்த எழுத்து இங்க ஆண்ட ஸ்பானிஷ்காரங்க வச்சது. ஸ்பானிஷ்ல ‘ஜி’க்குப் பின்னாலேயே ‘இ’ வந்தா ‘ஹே’ன்னு ஆயிடும். அதைத் தடுக்க ஒரு ‘யு’வைக் காவலுக்கு நிறுத்தியிருக்காங்க. அதைப் போய் நாம ‘குவெ’ன்னு உச்சரிக்கிறோம். கடைசியில வர்ற ‘டி’யும் (T) ஒண்ணுதான். பென்ஷன் வாங்கிக்கிட்டு ரிசால் கடற்கரைச் சாலையில வருஷக்கணக்கா பீர் குடிக்கிற வெள்ளைக்காரங்க இன்னும் பிரெஞ்சுப் பேர் மாதிரி ரெண்டு ‘டி’ போடுறாங்க. நமக்கு அந்தச் சாக்கு கிடையாது. இவங்க ‘டி’ நம்ம ‘த’ மாதிரி பல்லுல நாக்கு படுற எழுத்து. தமிழ்ல எழுதினா இங்கிலீஷை விடச் சுத்தமா வருது.

நான் 2006ல வந்தப்போ எனக்கும் தெரியாது. செபு தெற்கு பஸ் நிலையத்துல, கூட்டத்துக்கு நடுவுல, கண்டக்டர்கிட்ட ‘டுமாகு’ன்னு வாய்க்குள்ளேயே முணங்கினேன். அவர் தலையாட்டினார். மூணு மணி நேரத்துல என்னை இறக்கிவிட்ட இடம் துமான்ஹுக். அதுவும் ஊர்தான், ஆனா செபு தீவுலேயே இருக்கிற வேற ஊர். துமகேத்தே இருக்கிறது அடுத்த தீவுல, நெக்ரோஸ்ல. மழை, ராத்திரி, கையில ரெண்டு பெட்டி, ஒண்ணுல அம்மா கட்டிக்கொடுத்த பருப்புப்பொடி. ஒரு ‘சாரி சாரி’, அதாவது பெட்டிக்கடைத் திண்ணையில உட்கார்ந்து விடியவிட்டேன். காலையில வேற பஸ் பிடிச்சு லிலோவான் துறை, அங்கிருந்து படகுல சிபுலான். அரை மணி நேரக் கடல்தான். மணிலாவுல இருந்து விமானமும் இருக்கு, அதுவும் இறங்குறது சிபுலான்லதான். டிக்கெட்டைப் பார்த்துப் பயப்படாதீங்க, பக்கத்து ஊர்.

பேருக்கு அர்த்தம் சொன்னது என் முதல் வீட்டுக்கார அம்மா. ‘தகிட்’னா இந்த ஊர் பிசாயா மொழியில பருந்து கோழிக்குஞ்சை அடிச்சுத் தூக்கிட்டுப் போற மாதிரி தூக்குறது. கையை விரிச்சு, சட்டுன்னு மூடிக் காட்டினாங்க. அந்தச் சொல்லுக்குள்ள ‘உம்’ சேர்த்தா ‘துமகிட்’, தூக்கிட்டுப் போறதுன்னு வினை ஆயிடும். நாம சொல்லுக்குக் கடைசியில ஒட்டுறதை இவங்க நடுவுல சொருகுறாங்க. ஸ்பானிஷ் காலத்துல தெற்கே மிண்டனாவோ, சுலு பக்கமிருந்து படகுல வர்றவங்க கரையோர ஜனங்களைப் பிடிச்சு அடிமையா வித்திருக்காங்க. ஆளைத் தூக்குற கரைங்கிறதே ஊருக்குப் பேரா நின்னுடுச்சு. தேவாலயத்துக்குப் பக்கத்துல தனியா நிக்கிற பவளக்கல் மணிக்கூண்டைப் பார்ப்பீங்க. 200 வருஷத்துக்கு மேல ஆச்சு. அங்கிருந்துதான் கடலைப் பார்த்து மணி அடிச்சு எச்சரிச்சாங்க. இப்ப ஊரோட பட்டப்பேர் ‘மென்மையான மனிதர்களின் நகரம்’!

இதுக்கு ஏன் இவ்வளவுன்னு கேட்பீங்க. விசா நீட்டிப்புக்குக் கொடுத்த தாள்ல நான் ரெண்டு ‘டி’ போட்டேன், வாடகை ஒப்பந்தத்துல ஒண்ணு இருந்தது. ரெண்டு முகவரியும் ஒத்துப்போகலைன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. ஒரு வாரம் போச்சு. உங்க சொந்தப் பேர் இதைவிட மோசம். இங்க எல்லாப் படிவத்துலயும் மூணு கட்டம்: பேர், நடுப்பேர், குடும்பப் பேர். இவங்களுக்கு நடுப்பேர்னா அம்மா பிறந்த வீட்டுக் குடும்பப் பேர். இனிஷியல்னா என்னன்னு யாருக்கும் புரியாது. பாஸ்போர்ட்டுல எப்படி இருக்கோ அப்படியே எல்லா இடத்துலயும் எழுதுங்க. அப்புறம், வெளிநாட்டவர் அட்டை கைக்கு வந்ததும் வருஷா வருஷம் முதல் 60 நாளுக்குள்ள குடியேற்ற அலுவலகத்துக்கு வருடாந்திரத் தகவல் கொடுக்கணும். நம்ம பசங்க இதை மறந்துட்டு அபராதம் கட்டிட்டு நிப்பாங்க.

இன்னொண்ணு, மணிலா பக்கத்து மொழியான தகலோக் கத்துக்கிட்டு வராதீங்க. இங்க பேசுறது பிசாயா. சந்தையில ‘மாயோங் புந்தாக்’னு காலை வணக்கம் சொல்லிப் பாருங்க, முகமே மாறும். பல வருஷம் இருந்தும் நன்றி சொல்ற ‘சலாமத்’தைத் தாண்டாத தமிழங்க இருக்காங்க, ஞாயித்துக்கிழமை ஒண்ணா உட்கார்ந்து ரசப்பொடி எங்க கிடைக்கும்னு பேசுறதோட சரி. எனக்கு அவங்களோட ஒட்டலை. சந்தைக்குள்ள ‘பைனிட்டான்’னு ஒரு வரிசைக் கடை இருக்கு. வாழையிலையில சுத்தின புட்புட், சூடான சாக்லேட். தேங்காய்ப்பால்ல வெந்த ஒட்டரிசி, நம்ம வீட்டு வாசனைதான். சாப்பாட்டுக் கேள்விக்கு இதான் பதில்.

பாதுகாப்பா? உங்களைப் பார்த்து ஊர்தான் பயப்படும். இந்தியர்னாலே ‘பும்பாய்’. மோட்டார் சைக்கிள்ல வந்து அஞ்சு கடன் கொடுத்து ஆறா வசூலிக்கிற பஞ்சாபிக்காரங்களை வச்சு நம்ம எல்லாரையும் எடைபோடுவாங்க. அழுற பிள்ளையை ‘பும்பாய் தூக்கிட்டுப் போயிடுவான்’னு மிரட்டுற வழக்கமும் உண்டு. நான் பெட்டியோட படியேறின அன்னிக்கு வீட்டுக்கார அம்மாவோட பேரன், நாலு வயசு, அலறிக்கிட்டுக் கட்டிலுக்கு அடியில போயிட்டான். அவனை வெளியே கொண்டுவர ஒரு மாசம் ஆச்சு, பருப்புப்பொடி சோத்தால.

அவன் இப்ப சரக்குக் கப்பல்ல மாலுமி. போன வருஷம் உங்க ஊர் துறைமுகத்துல நின்னப்போ போட்டோ அனுப்பியிருந்தான், கீழே ‘டுட்டி கொரினோ’ன்னு எழுதி. உடனே திருத்தி அனுப்பினேன். ஆனா அதை இங்கிலீஷ்ல சரியா எப்படி எழுதுறதுன்னு நம்ம தமிழ்நாட்டு அரசாங்கமே 2020ல 1,018 ஊர் பேரோட இங்கிலீஷ் எழுத்தை மாத்தி ஆணை போட்டுட்டு, சில நாள்லயே வாபஸ் வாங்கின கதையை அவன்கிட்ட சொல்லலை.